காலி வாளி

தீவன வாளி நிமிர்ந்து நின்றது.

அவள் அதைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. பின்வாசல் படிக்குப் பக்கத்தில், துவைக்கும் கல்லுக்கு அந்தப் புறம், வாய் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, பாரத்துக்கு ஒரு செங்கல்லையும் மேலே வைத்திருந்தாள். பத்தொன்பது நாட்களாக அது அப்படியேதான் கிடந்தது. இப்போது செங்கல் ஓரமாக இருந்தது. விழுந்து கிடந்த மாதிரி இல்லை, யாரோ பதவிசாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது. வாளிக்குள் இரும்புக் கரண்டி சாய்ந்து கிடந்தது. அந்தக் கரண்டியை அவள் பரணில் அல்லவா போட்டிருந்தாள்?

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

"என்னங்க, பின்னாடி வந்தீங்களா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கட்டில்ல எந்திரிச்சு உக்காரவே எனக்கு அரை மணி ஆகுது. நான் எங்க பின்னாடி வர்றது?" என்றார் அவள் கணவர். வயிற்றில் ஆப்பரேஷன் செய்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. தையல் இன்னும் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் பயந்த சுபாவக்காரி இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் கட்டில் மேல் ஏறுகிறவர் அவர். கம்பைத் தேடுகிறவள் அவள். அதனால் வாளியை மறுபடி கவிழ்த்து, செங்கல்லை வைத்து, கரண்டியைப் பரணில் எறிந்துவிட்டு, பூனை வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பூனை எப்படிச் செங்கல் தூக்கும் என்று மனசு கேட்டது. 

கொட்டகை வீட்டுக்குப் பின்னால்தான். பின்வாசலில் இருந்து இடுப்புயரச் சுவர் இரண்டுக்கும் நடுவே சிமெண்டு போட்ட குறுகலான சந்து ஒன்று கொட்டகை வரை போகும். பன்றிகள் வந்து தீனி தின்னும் சந்து அது. இந்த முனையில் தொட்டி. மாலை ஐந்து மணிக்கு அவளோ அவரோ வாளியைக் கரண்டியால் தட்டுவார்கள். வேகமாக இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. டண் டண், டண். அறுபத்தொரு பன்றிகளும் வரிசையாக வரும். சின்னதுகள் முதலில், பெரிசுகள் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெரியவள். பெரியவள் என்பது ஒரு கிழட்டுத் தாய்ப்பன்றி. ஒன்பது ஈற்று ஈன்றவள், இடது காது கிழிந்தவள். பேரன் பேத்திகள் தின்று முடிக்கும் வரை ஒதுங்கி நிற்பாள். வீட்டுக்கு மூத்தவள் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அவர் அவளைக் காட்டி மனைவியைக் கிண்டல் செய்வார். இவளும் விடமாட்டாள். "அவளையே கட்டியிருக்கலாமே" என்பாள்.

வாளி தட்டுவதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. காலி வாளியைத் தட்டவே கூடாது.

"ஒரு பிடியாவது உள்ள இருந்தாத்தான் தட்டணும். அதுங்களுக்கு நம்ம பேச்சு எதுவும் தெரியாது. இந்த ஒரு சத்தம்தான் தெரியும். அதுலயும் பொய் சொன்னா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு?"

கல்யாணமான புதிதில் அவள் விளையாட்டுக்காக ஒரு தடவை காலி வாளியைத் தட்டிவிட்டாள். அத்தனையும் ஓடி வந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவர் நேராக அடுக்களைக்குப் போனார், ராத்திரிக்கு வடித்து வைத்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கி வந்து தொட்டியில் கவிழ்த்தார். அன்று புருஷன் பெண்டாட்டி இருவரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அவள் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

செய்தது, போன மாதம்தான்.

பக்கத்துப் பண்ணையில் பன்றிகளுக்குக் காய்ச்சல் கண்டது. காதும் வயிறும் நீலம் பாரித்து, இரண்டே நாளில் கொத்துக் கொத்தாகச் செத்தன. மருந்தில்லாத காய்ச்சல். அரசாங்கம் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் இருக்கும் பன்றிகளை எல்லாம், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொன்று புதைக்க வேண்டும்; தலைக்கு இவ்வளவு என்று இழப்பீடு தரப்படும். வட்டத்தின் கோடு இவர்கள் கொட்டகைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலோடு போனது. கொட்டகை நாற்பதடி தள்ளி அந்தக் கரையில் இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். இவர்கள் பன்றி ஒன்றுக்குக்கூட ஒரு தும்மல் இல்லை. அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். கையெழுத்து போட்டது அவள்.

வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். கூட வந்த கால்நடை மருத்துவர் சின்ன வயசுப் பெண். ஒரு வாரமாகத் தூங்காத கண்கள்.

"ஆளுங்க உள்ள பூந்து விரட்டினா மிரண்டு ஒண்ணு மேல ஒண்ணு விழும்மா. கால் ஒடியும். கடைசி நேரத்துல அந்த வேதனை வேணாம். நீங்க கூப்பிட்டா அமைதியா வருமில்ல?"

"வரும்."

"அப்போ நீங்களே கூப்பிட்டுடுங்கம்மா."

"ஒரு கரண்டி தீவனம் கொடுங்க டாக்டரம்மா. ஒரே ஒரு கரண்டி."

"தீவனத்தைக் காலையிலேயே எரிச்சாச்சேம்மா. அதுலயும் கிருமி இருக்கும். உத்தரவு அப்படி."

வீட்டுக்குள் அரிசி இருந்தது. அது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. ஏழு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள், அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். டண் டண், டண்.

வந்தன. வாலை ஆட்டிக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. சந்தின் இந்த முனையில் தொட்டிக்குப் பதிலாக ஒரு கம்பிக் கதவு வைத்து, அதன் பின்னால் பச்சைத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாக அதற்குள் போயிற்று. உள்ளே ஒரு சின்னச் சத்தம். அப்புறம் அடுத்தது. கடைசியாகப் பெரியவள் வந்தாள். மற்றவை மாதிரி அவள் கதவுக்குப் போகவில்லை. வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி இவள் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பித் தார்ப்பாய்க்குள் நடந்து போனாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று முதல் கேள்வியே அதுதான்.

"அதுங்க யார் கூப்பிட்டாலும் வராதே. எப்படிப் பிடிச்சாங்க?"

"மயக்க ஊசி போட்டாங்க. தூக்கத்துலயே போயிடுச்சுங்க."

"பெரியவ?"

"அவளுக்குத்தான் முதல்ல போட்டாங்க. ஒண்ணும் தெரியாது அவளுக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, முதுகு குலுங்க வெகு நேரம் அழுதார். பொய் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று அவள் நினைத்தாள். அந்தப் பொய்யோடுதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள்.

வாளி நிமிர்ந்து நின்ற அன்றைக்குத்தான் முதலில் கேட்டது. கடிகாரம் ஐந்து அடித்து ஓய்ந்த கையோடு, கொட்டகைக்கும் அப்பால், பன்றிகளைப் புதைத்த குழி இருக்கும் பக்கமிருந்து, ஈரத்துணியைப் போட்டு மூடிய மாதிரி மங்கலாக ஒரு சத்தம். டண் டண். அவள் அடுப்படியில் கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். மூன்றாவது தட்டு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். கொஞ்சம் விட்டு, அதே அளவு விட்டு, வந்தது. டண்.

உள்ளறையில் அவர் தூக்கக் கலக்கத்தில் சிரித்தார். "கூப்பிடுறியா?"

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு சந்துக்குப் போய்ப் பார்த்தாள். அதிகாரிகள் தூவிவிட்டுப் போன சுண்ணாம்புப் பொடி கொட்டகை வரை வெள்ளைப் பாயாகக் கிடந்தது. ஈ காக்கா இல்லை. கொட்டகை வாசலில் ஒட்டிய சிவப்பு நாடா அறுபடாமல் இருந்தது. ஆனால் பொடியில் குளம்புத் தடங்கள் இருந்தன. சின்னதும் பெரியதுமாக, கொட்டகையில் கிளம்பி வீட்டைப் பார்த்து வந்து, சந்தின் பாதியில் நின்றிருந்தன. எதுவும் திரும்பிப் போகவில்லை. தவிட்டைச் சுடுதண்ணீரில் ஊற வைத்தால் வருமே, அந்த வாசனை. பத்தொன்பது நாளாகப் பினாயில் நெடி மட்டுமே இருந்த இடத்தில் அந்த வாசனை அவள் மூக்கில் ஏறியதும் பயத்துக்கு முன்னால் அவளுக்கு அழுகை வந்தது. விளக்குமாற்றை எடுத்து வந்து தடங்களைக் கலைத்தாள். கலைக்கும்போதே, அவர் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அன்று மாலை கால்நடை மருத்துவர் வந்தார். வாசலில் நின்றபடியே ஒரு பழுப்பு உறையை நீட்டினார்.

"இழப்பீட்டு உத்தரவும்மா. அறுபத்தொண்ணுக்கும் முழுசா வந்திருக்கு. சிலருக்குப் பிடித்தம் பண்ணிட்டாங்க, ஒளிச்சு வச்சாங்க, தகராறு பண்ணாங்கன்னு. நீங்க எவ்வளவு ஒத்துழைச்சீங்கன்னு அறிக்கையில விவரமா எழுதினேன். அதுவும் உள்ளயே இருக்கு."

"என்னன்னு எழுதினீங்க?"

"நீங்களே வாளியத் தட்டிக் கூப்பிட்டதைத்தான்."

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் நல்லது என்று நினைத்துத்தான் செய்திருந்தார். மருத்துவரை என்ன சொல்வது?

"இன்னொண்ணும்மா. குழி மேல யாரும் கால் வச்சுடாதீங்க. உள்ள அழுக அழுக மேல் மண்ணு பொதபொதன்னு ஆயிடும். ஆளே உள்ள போயிடலாம். மூணு மாசமாவது..." என்று சொல்லிக்கொண்டிருந்த மருத்துவர் பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்த்தார். கொட்டகைக்கு அப்பால். டண் டண், டண்.

"பக்கத்துல யாராவது இன்னும் பன்னி வளக்கிறாங்களா?"

"வட்டத்துக்குள்ள ஒண்ணுகூட இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க டாக்டரம்மா."

மருத்துவர் அவளைப் பார்த்தார். அவள் மருத்துவரைப் பார்த்தாள். வண்டியில் ஏறும் முன் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது ஊர் முழுக்க அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்த விதி. அன்று கழுவாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

உறையைப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்தாள். அறிக்கையை மட்டும் கிழித்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பாள். அரசாங்கக் காகிதம், முத்திரை வைத்தது, கிழித்தால் இழப்பீடு நின்றுவிடுமோ என்று கை வரவில்லை.

மறுநாள் அவள் குளித்துவிட்டு வந்தபோது பீரோ திறந்திருந்தது. பாங்குப் புத்தகம் தேடியிருக்கிறார். கட்டில் ஓரத்தில், ஒரு கையால் தையலைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"உரிமையாளரின் மனைவி தீவன வாளியைத் தட்டி அழைத்ததன் பேரில்," என்று மெதுவாக வாசித்தார், "அறுபத்தொரு பன்றிகளும் தாமாகவே நடந்து வந்தன."

அவள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"தீவனத்தை முதல்லயே எரிச்சுட்டாங்கன்னு மேல போட்டிருக்கு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "காலி வாளியையா தட்டுன?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் காகிதத்தை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"அப்போ அதுங்க இன்னும் சாப்பிடல," என்றார்.

மத்தியானம் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். சாயங்கால மாத்திரையும் வேண்டாம். வானம் மூடிக்கொண்டு, மழை வராமல், காற்றும் இல்லாமல் இருந்தது. அவள் அடுக்களையில் உட்கார்ந்து வெறுமனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஆறிவிடும், பணம் வரும், கொட்டகையைக் கழுவி இரண்டு குட்டி வாங்கி விடலாம், மனுஷன் எழுந்து நடமாடினால் போதும். இப்படி என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தவள் ஐந்து அடித்ததைக் கவனிக்கவில்லை.

டண் டண், டண்.

இந்தத் தடவை மங்கலாக இல்லை. பக்கத்தில் நின்று தட்டுகிற மாதிரி.

எழுந்து உள்ளறைக்கு ஓடினாள். கட்டில் காலி. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்வாசல் கதவு திறந்திருந்தது.

சந்தின் சுண்ணாம்பில் வெறுங்கால் தடங்கள். அவருடையவை. வலது காலை இழுத்து இழுத்து நடந்த தடங்கள். கொட்டகையைத் தாண்டி. குழிப் பக்கம்.

"என்னங்க!"

சந்தின் முனையில் போய் நின்று பார்த்தாள். கொட்டகைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே குழி மேடு வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நடுவில் அவர். முதுகு தெரிந்தது. நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் புதைந்தது.

"என்னங்க! திரும்பி வாங்க! மண்ணு உள்வாங்குது!"

திரும்பவில்லை. டண் டண், டண். அவருக்கு முன்னால், மண்ணுக்குள் இருந்து. கூப்பிடுகிற பக்கமாக இன்னும் ஓர் அடி வைத்தார். முழங்கால் வரை போயிற்று.

அவள் ஓடிப்போய் இழுக்கலாம். இழுத்தால் இருவரும் போவார்கள். அவள் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. ஏறுகிற சத்தம் ஒன்றுதான். அது அவளுக்குத் தெரியும்.

பின்வாசலுக்கு ஓடினாள். வாளி நிமிர்ந்து நின்றது. உள்ளே கரண்டி. வேறொன்றும் இல்லை. அடுக்களையில் அரிசி இருக்கிறது. இந்தத் தடவை ஞாபகம் வந்தது. பத்து எட்டு போய், பத்து எட்டு வர வேண்டும். திரும்பிப் பார்த்தாள். இடுப்பு வரை போயிருந்தார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினாள்.

தட்டினாள்.

டண் டண். டண்.

எதிர்ச் சத்தம் நின்றது. அவர் நின்றார். மெதுவாக, மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் இருந்து அவள் பார்க்காத சிரிப்பு.

"வாங்க," என்றாள். அழுதாள். "வாங்க, என் ராசா. இப்படியே வந்துடுங்க."

மறுபடி தட்டினாள்.

அவரைச் சுற்றி மண் அசைந்தது.

இங்கே ஒன்று. அங்கே ஒன்று. சுண்ணாம்பு வெடித்தது. ஈரமான மூக்குகள். மேடு முழுவதும். தட்டிய கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தியும் அவை நிற்கவில்லை. கூப்பிட்டாயிற்று.

வரிசையாக வந்தன. மோதாமல், முண்டாமல். சின்னதுகள் முன்னால். வெள்ளைப் பொடி பூசிய முதுகுகள். மூச்சுச் சத்தம் இல்லை. குளம்புச் சத்தம் மட்டும், சிமெண்டில், டக் டக் டக். சந்து நிறைந்தது. மேட்டில் அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

அவர் இல்லை. குழிவாக இருந்தது.

"என்னங்க?"

வரிசையின் கடைசியில் பெரியவள். கிழிந்த காது. அவளுக்குப் பக்கத்தில், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக்கொண்டு, தலைமுதல் கால்வரை சுண்ணாம்பாக, அவர் வந்தார். வயிறு தரையில் உரசியது. தையல் விட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மற்றவை ஒதுங்கி வழி விட்டன. பெரியவளும் அவரும் வாளி வரை வந்தார்கள். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

கோபமே இல்லை.

அவளால் அந்தப் பார்வையை இரண்டாம் தடவை தாங்க முடியவில்லை. ஒரு பிடியாவது இருக்க வேண்டும். ஒரு பிடியாவது. அவள் வாளியைத் தரையில் இறக்கினாள். பக்கத்தில் மண்டியிட்டாள். கரண்டியை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டு கைகளையும் முழங்கை வரை வாளிக்குள் விட்டாள்.

பெரியவளும் அவரும் ஒதுங்கி நின்றார்கள்.

வழக்கம்போல, சின்னதுகள் முதலில் வந்தன.